கழுத்தின் பசி

எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் தவறாமல் காட்டும் இடம் ஒன்று உண்டு. அது ராஜகிரியின் உச்சி அன்று. கல்யாண மகாலும் அன்று. அடிவாரத்தில் தடித்த சுவர்களுடன் அமர்ந்திருக்கும் தானியக் களஞ்சியந்தான் அது. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தார்கள். அவற்றுள் செஞ்சியும் ஒன்று. அன்று முதல் கோட்டைக்குப் பெருமை கூடியதோ இல்லையோ, "உங்கள் ஊரைப் பார்க்க வருகிறோம்" என்று எழுதும் உறவினர் தொகை எனக்குக் கூடிவிட்டது. வருகிறவர்களை மலை ஏற்றிக் களைக்கச் செய்வதற்கு முன்னால் களஞ்சியத்தின் எதிரில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்.

"1690 முதல் 1698 வரையில் மொகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. வெளியே நிற்கும் தளபதிக்கு உள்ளே உள்ள களஞ்சியம் நிறைந்திருக்கிறதா, காலியா என்று எப்படித் தெரியும்?"

பலர் "ஒற்றன் சொல்லியிருப்பான்" என்பார்கள். சரியான விடைதான். சுவரை இடிக்காமல் உள்ளே நடப்பதை அறிய வேண்டுமானால், உள்ளே போகிற சரக்கோடு சரக்காக ஓர் ஒற்றனை அனுப்ப வேண்டும். சென்ற வருஷம் வரையில் இதை நான் சரித்திரப் பாடமாகவே சொல்லி வந்தேன். என் தங்கையின் கழுத்தில் இந்தக் கதை நடந்த பிறகே இது வைத்தியப் பாடமும் ஆகும் என்பதை அறிந்தேன்.

*

சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை நான் தங்கை வீட்டு வழியாக நடந்து போனேன். அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தொரு புள்ளிக் கோலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவள் அவள். அன்று அவளுடைய கோடுகள் நெளிந்தன. மாவு விழுந்த இடமெல்லாம் ஒரு நடுக்கம் எழுதியிருந்தது. "குளிரா?" என்றேன். "குளிர் ஏது அண்ணா? எனக்கு வேர்க்கிறது" என்றாள். மார்கழிப் பனியில் அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது வாஸ்தவம்.

பிறகு விசாரித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு மாதத்தில் ஏழு கிலோ இளைத்திருந்தாள். சாப்பாடோ முன்னைவிட அதிகம். இரவில் தூக்கம் இல்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. "ஊர்க் கண்ணெல்லாம் பட்டுப் போச்சுடா" என்று என் தாயார் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். படித்த மனிதனான நான் அப்படி ஒன்றும் செய்யவில்லை. அதைவிட மோசமான ஒரு காரியத்தைச் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளூர் வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நிமிஷத்துக்கு 120. இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைராய்டு என்னும் சுரப்பியின் ஹார்மோன் இரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்தது. அந்தச் சுரப்பிக்கு மூளையின் அடியிலிருந்து கட்டளை அனுப்பும் டி.எஸ்.எச். என்ற பொருளோ அநேகமாக இல்லை. "போதும், நிறுத்து" என்று தலைமையகம் வாயை மூடிக்கொண்ட பிறகும் ஹார்மோன் பெருகிக்கொண்டிருந்தது.

வைத்தியர் உடனே மருந்து எழுதிவிடவில்லை. "ஐயா, இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டிலும் இரத்தப் பரிசோதனை இப்படியேதான் வரும். வைத்தியமோ முற்றிலும் வேறு. ஐப்பசியில் இவருக்குத் தொண்டைவலியும் ஜுரமும் வந்ததாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் யோசிக்கிறேன்" என்றார். படபடப்புக்கு மட்டும் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அணு மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

"அணு" என்ற சொல்லைக் கேட்டதும் என் தாயார் உட்கார்ந்துவிட்டார்.

*

நேயர்களுக்கு இந்தச் சுரப்பியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவில் மூச்சுக் குழாயைத் தழுவிக்கொண்டு இருப்பது தைராய்டு. எடை சுமார் 20 கிராம். உடம்பின் ஒவ்வோர் அணுவறையும் எவ்வளவு வேகத்தில் எரிய வேண்டும் என்று தீர்மானிப்பது இதன் ஹார்மோனே. அடுப்பின் திரியை ஏற்றவும் இறக்கவும் செய்யும் திருகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹார்மோனைச் செய்ய அவசியமான மூலப்பொருள் அயோடின். ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் ஆறாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எழுபது வருஷ ஆயுளுக்கு ஒரு தேக்கரண்டி அயோடின் போதும். அவ்வளவு அற்பமான பொருளை இரத்தத்திலிருந்து தேடிப் பொறுக்கி எடுத்து, ஹார்மோனாக்கி, இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமான அளவு சேமித்து வைக்கிறது தைராய்டு. உடம்பிலுள்ள சுரப்பிகளில் இப்படி வெகு நாளைக்குப் பெருஞ்சேமிப்பு வைப்பது இது ஒன்றுதான். ஆகவே இதை நம்முடைய கழுத்திலுள்ள களஞ்சியம் என்றால் தவறாகாது.

இப்போது வைத்தியரின் சந்தேகத்துக்கு வருவோம். தெருவெல்லாம் நெல் இறைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். களஞ்சிய அதிகாரிக்குப் பைத்தியம் பிடித்து, வண்டி வண்டியாக நெல்லை வாங்கி வாங்கி வெளியே தள்ளிக்கொண்டிருக்கலாம். அல்லது களஞ்சியத்தின் சுவர் இடிந்து, முன்பே சேர்த்து வைத்த நெல் தானாகக் கொட்டிக்கொண்டிருக்கலாம். முதலாவது கிரேவ்ஸ் நோய். 1835-ல் இதை விவரித்த அயர்லாந்து வைத்தியர் ராபர்ட் கிரேவ்ஸ் என்பவரின் பெயரால் வழங்குவது. இரண்டாவது தைராய்டு அழற்சி. பெரும்பாலும் விஷ ஜுரத்துக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் வருவது.

தெருவில் கிடக்கும் நெல்லை அளந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரத்தத்தில் ஹார்மோனை அளப்பது அப்படிப்பட்டதுதான். அதிகாரிக்குப் பைத்தியம் என்றால் அவரை அடக்க மருந்து வேண்டும். சுவர் இடிந்ததென்றால் அந்த மருந்தால் ஒரு பயனும் இல்லை. புதிதாக ஒன்றும் உற்பத்தியாகாதபோது உற்பத்தியை எப்படி அடக்குவது? கொட்டியது கொட்டி முடியும் வரையில் காத்திருந்து, சுவரைத் தானே கட்டிக்கொள்ள விட வேண்டியதுதான்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே நேர் வழி, வாசலில் நின்று புதிய மூட்டை உள்ளே போகிறதா என்று பார்ப்பது. பைத்தியக்கார அதிகாரியின் களஞ்சியம் பசியோடு விழுங்கும். இடிந்த களஞ்சியத்துக்குள் ஒரு மூட்டையும் போகாது. இந்தப் பசியை அளப்பதுதான் கதிரியக்க அயோடின் பரிசோதனை.

*

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் மருத்துவர் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். "குழந்தை உண்டாகியிருக்கிறீர்களா? பால் கொடுக்கும் குழந்தை உண்டா?" என் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தங்கையின் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஆனால் அந்தக் கேள்வி மிகவும் அவசியமானது. மூன்று மாதக் கருவிலேயே குழந்தையின் தைராய்டு அயோடினைச் சேர்க்கத் தொடங்கிவிடும். கதிரியக்க அயோடின் தாய்ப்பாலிலும் இறங்கும். அதனால் இவ்விருவருக்கும் இந்தப் பரிசோதனை செய்வதில்லை.

அடுத்த கேள்வி: "சமீபத்தில் ஸ்கேனுக்காக நரம்பில் மருந்து ஏற்றினார்களா? இருதயத்துக்கு அமியோடரோன் மாத்திரை உண்டா? வேறு டானிக், சத்து மாத்திரை, கடற்பாசி…"

எனக்கு நாக்கு உலர்ந்தது.

என் காரியத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். தங்கை இளைக்கிறாள் என்று கண்டதும், "கடல் தரும் பூரண சத்து" என்ற விளம்பரத்தை நம்பி, கடற்பாசி மாத்திரைப் புட்டி ஒன்றைத் தபாலில் தருவித்து, தினம் இரண்டாக நான்தான் அவளுக்குக் கொடுத்து வந்தேன். திருஷ்டி சுற்றிய என் தாயாரைப் பார்த்துச் சிரித்த அதே வாய்தான் "இது விஞ்ஞானம்" என்றும் சொல்லிற்று.

கடற்பாசியில் சில வகைகள் அயோடினின் சுரங்கம். உலகத்துக்கு அயோடின் அறிமுகமானதே அதன் மூலந்தான். 1811-ல் பிரான்ஸ் தேசத்தில் பெர்னார் குர்த்துவா என்பவர் வெடியுப்புக் காய்ச்சுவதற்காகக் கடற்பாசிச் சாம்பலில் வேலை செய்துகொண்டிருந்தார். அதில் கந்தகத் திராவகம் அதிகமாக விழுந்தபோது ஊதா நிறப் புகை கிளம்பிற்று. அந்தப் புகை படிந்ததுதான் அயோடின். இத்தனையும் நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லும் பாடம்! பாடத்துக்கும் புட்டிக்கும் இடையே இருந்த சம்பந்தம் மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவர் கோபிக்கவில்லை. "சொன்னது நல்லதாயிற்று. களஞ்சியத்தில் ஏற்கெனவே மூட்டைகளை அடைத்துவிட்டு, 'பசி இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். இன்று அளந்தால் எண் குறைவாக வந்து, சுவர் இடிந்த கேஸ் என்று நினைத்து, மருந்து கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார். களஞ்சிய உவமானத்தை அவருக்கு நான்தான் அதற்குள் சொல்லியிருந்தேன். அதை என் மீதே திருப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். சில ஸ்கேன்களுக்கு ஏற்றும் சாய மருந்தாக இருந்தால் ஒன்றிரண்டு மாதமே காத்திருக்க வேண்டுமாம். அந்த மூன்று வாரமும் தங்கை இளைத்துக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் இருந்தாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு வேளையும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேயர்களே, வைத்தியர் கேட்கும்போது வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். அவர் கேட்கும் முன்பு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

*

மாசி மாதம் மறுபடி போனோம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், மாத்திரையைத் தங்கைக்குக் கொடுக்கவில்லை. ஒரு பொம்மைக்குக் கொடுத்தார்கள். கழுத்தின் பருமனில் பிளாஸ்டிக்கில் செய்த ஓர் உருளை. நடுவில் ஒரு துளை. மாத்திரையை அதில் வைத்து, எதிரே கருவியைத் திருப்பி, நிமிஷத்துக்கு எத்தனை கதிர்கள் வருகின்றன என்று எண்ணிக்கொண்டார்கள். பிறகுதான் தங்கை அதைத் தண்ணீருடன் விழுங்கினாள். "இவ்வளவுதானா?" என்றாள். ஊசி இல்லை, வலி இல்லை.

அந்த மாத்திரையில் இருந்தது அயோடின்-131. சாதாரண அயோடினுக்கும் அதற்கும் ரசாயன குணத்தில் வித்தியாசம் கிடையாது. சுரப்பியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் இதன் அணுக்கரு நிலையற்றது. ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, உடையும்போது கதிரை வெளியே விடும். மூட்டைகளின் நடுவே சில மூட்டைகளில் மட்டும் மணியைக் கட்டி அனுப்புவது போல. களஞ்சியத்தின் கதவைத் திறக்காமலே வெளியே நின்று மணி ஓசையை எண்ணிவிடலாம். இப்பரிசோதனைக்கு வேண்டிய மாத்திரையிலுள்ள கதிர் அயோடினின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் தேவையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லை. சுரப்பியின் வேலையை அது சிறிதும் கலைக்காது. ஒற்றன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

எண்ணும் கருவியின் வாயில் இருப்பது சோடியம் அயோடைடு என்னும் உப்பின் பெரிய பளிங்கு. கதிர் பட்டால் அதில் ஒரு மின்மினி வெளிச்சம் தோன்றும். அதைக் கருவி எண்ணும். அயோடினைத் தேட அயோடினையே காவல் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கழுத்துக்கும் கருவிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கோல் வைத்து அளந்தார்கள். 25 சென்டிமீட்டர். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று என் மாணவர்கள் கேட்பார்களானால் இதோ விடை: கதிரின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி குறைகிறது. 25 என்பது 26 ஆனால் எண்ணிக்கை நூற்றுக்கு ஏழரை குறைந்துவிடும். ஒரு விரல் அகலம் கூட இல்லாத பிசகு அது.

நான்கு மணி நேரம் கழித்து ஒரு முறை எண்ணினார்கள். மறுநாள் அதே வேளையில் இன்னொரு முறை. கழுத்தை எண்ணியதும் கருவியைத் தொடைக்கு நேரே வைத்தும் எண்ணினார்கள். "நோய் கழுத்தில், தொடையை எதற்குப் பார்க்கிறார்கள்?" என்று தாயார் கேட்டார். நல்ல கேள்வி. கழுத்தில் சுரப்பி மட்டுமா இருக்கிறது? இரத்தமும் தசையும் இருக்கின்றன. அவற்றிலும் கொஞ்சம் கதிர் அயோடின் சுற்றிக்கொண்டிருக்கும். தொடையிலும் அதே இரத்தம், அதே தசை. சுரப்பி மட்டும் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் நிற்பது சுரப்பியின் பங்கு.

கணக்கைச் சுலபத்துக்காக முழு எண்களில் தருகிறேன். முதல் நாள் பொம்மைக்குள் இருந்த மாத்திரைக்கு நிமிஷத்துக்கு 20,200. மாத்திரை இல்லாமலே அறையில் இயற்கையாக வருவது 200. கழித்தால் 20,000. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும் சுபாவமுடையது. ஒரு நாளில் நூற்றுக்கு 8.3 பங்கு தானாகவே அழியும். ஆகவே மறுநாள் ஒப்பிட வேண்டிய எண் 18,340. மறுநாள் கழுத்தில் 12,600, தொடையில் 1,600, வித்தியாசம் 11,000. பதினோராயிரத்தைப் பதினெண்ணாயிரத்து முந்நூற்று நாற்பதால் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 60.

இருபத்து நாலு மணி நேரத்தில் ஆரோக்கியமான சுரப்பி நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 வரையில் எடுக்கும். அந்த வரம்பு ஊருக்கு ஊர், ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சிறிது மாறும். அழற்சியாக இருந்தால் சுழியை ஒட்டி நின்றிருக்கும். என் தங்கையின் களஞ்சியமோ அறுபது எடுத்திருந்தது. சுவர் இடியவில்லை, அதிகாரிக்குத்தான் பைத்தியம். கிரேவ்ஸ் நோய் என்று முடிவாயிற்று. ஐப்பசி ஜுரம் தற்செயலாக வந்து எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது.

*

இந்த யுக்தி யாருக்கு முதலில் தோன்றிற்று? 1936-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் கார்ல் காம்ப்டன் என்ற பௌதிக நிபுணர் பேசினார். வைத்தியத்துக்குப் பௌதிகம் என்ன உதவி செய்ய முடியும் என்பதே பேச்சு. சபையிலிருந்த சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் வைத்தியர் எழுந்து, "அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுள்ளதாக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று பின்னர் பதில் வந்தது. அவரும் ஆர்தர் ராபர்ட்ஸ் என்பவரும் முதலில் முயல்களில் சோதித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த அயோடினோ 25 நிமிஷத்தில் பாதியாகிவிடும். எட்டு நாள் தாங்கும் அயோடின்-131-ஐ 1938-ல் லிவிங்குட், சீபோர்க் என்ற இருவர் கண்டார்கள். 1941 மார்ச் 31-ந் தேதி ஹெர்ட்ஸ் முதல் முதலாக ஒரு நோயாளிக்குக் கதிர் அயோடினையே மருந்தாகக் கொடுத்தார். அளப்பதற்கு ஒரு பங்கு என்றால், குணப்படுத்துவதற்குச் சுமார் ஆயிரம் பங்கு. கதிர் அயோடின் சுரப்பிக்குள் புகுந்து அதன் மிதமிஞ்சிய பகுதியைச் சுட்டுவிடும். சபையில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பதால் என்ன பயன் என்று எண்ணும் மாணவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

எட்டு நாளில் பாதியாகும் சரக்கை வெளிநாட்டிலிருந்து வாங்கிச் சேமித்து வைக்க முடியாது. மல்லிகைப் பூவைப் போல அவ்வப்போது புதிதாக வர வேண்டும். அதனால்தான் 1956 ஆகஸ்டு 4-ந் தேதி பம்பாயை அடுத்த டிராம்பேயில் அப்ஸரா அணு உலை இயங்கத் தொடங்கியது நம் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு நன்னாள் ஆயிற்று. 1963-ல் பம்பாயில் கதிரியக்க மருத்துவ நிலையம் ஏற்பட்டது. டெல்லூரியம் என்ற பொருளை உலைக்குள் வைத்து அதிலிருந்து அயோடின்-131-ஐப் பிரித்தெடுக்கிறார்கள். மணி கட்டிய மூட்டையும் நம் தேசத்திலேயே தயாராகிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

அதே 1956-ல் வேறொரு பெரிய காரியமும் தொடங்கியது. பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஸ்ரீகாகுளத்தில் 1921-ல் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமி, இமயமலைச் சாரலில் காங்க்ரா பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குக் கழுத்தில் கழலை. தண்ணீர்க் குற்றம், மலைக் குற்றம், விதி என்று ஆளுக்கொன்று சொல்லலாம். அவரும் சுப்பிரமணியன், தேவ் என்ற சகாக்களும் கழுத்தின் பசியை அளந்தார்கள். இமயமலைக் கழலைக்காரரின் சுரப்பிகள் கதிர் அயோடினை ஆவலோடு விழுங்கின. சிறுநீரிலோ அயோடின் மிகக் குறைவு. நோய் இல்லை, பட்டினிதான் என்று அதனால் தெளிவாயிற்று. 1961-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துச் சென்றுவிட்டன. கிடைத்ததைக் கூடுதலாகப் பிடிக்கவே சுரப்பி வீங்கியது. தங்கையின் சுரப்பியும் விழுங்கிற்று, அவர்களுடையதும் விழுங்கிற்று. ஒன்று பேராசை, மற்றொன்று பசி. எண் ஒன்றே ஆயினும் பொருள் வேறு. எண்ணோடு ஆளையும் பார்ப்பவரே வைத்தியர்.

பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். ஆறு வருஷத்தில் அயோடின் உப்பு உண்டவர்களிடையே கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்றப் பகுதியில் அப்படியே நின்றது. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பே கொடுக்கப்பட்டது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

எங்கள் மாவட்டத்தின் கிழக்கெல்லையில் மரக்காணத்து உப்பளங்கள் இருக்கின்றன. வெண்ணிறக் குவியல்களைப் பார்க்கும்போதெல்லாம் 1930-ல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களை நினைத்துக்கொள்வேன். கடலோரத்து உப்பில் அயோடின் தானாக இருக்கும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அது தவறு, கடல் நீர் உப்பாகும்போது அயோடின் அதில் அநேகமாகத் தங்குவதில்லை. அதனால்தான் கலக்க வேண்டியிருக்கிறது. கடையில் நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் பதினைந்து பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். சிறு உப்பளக்காரருக்கு இச்சட்டத்தால் தொல்லை உண்டு என்ற முறையீடு நியாயமானதே. அவர்களுக்குக் கலக்கும் வசதியைச் செய்து கொடுப்பது சர்க்காரின் கடமை. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்கு அயோடின் குறைந்தால் கழலை மட்டுமா வரும்? புத்தியே மங்கிப் பிறக்கும். உப்புக்காக நடந்தவர்கள் அந்தக் குழந்தைக்காகவும் நடந்தவர்களே. உப்பை வாய் திறந்த சாடியில் ஈரம் பட வைக்காமல் மூடி வைப்பது வீட்டுப் பெண்மணிகள் செய்யக்கூடிய தேசத் தொண்டு.

*

கதிர் என்றால் பயம் வேண்டாமா என்று கேட்பீர்கள். அளவைப் பொறுத்துப் பயம் வேண்டும். 1986 ஏப்ரல் 26-ந் தேதி செர்னோபில் உலை வெடித்தபோது இதே அயோடின்-131 புல்லில் படிந்து, பசுவின் பாலில் வந்து, குழந்தைகளின் கழுத்தில் சேர்ந்தது. பிற்காலத்தில் அவர்களில் பலருக்குத் தைராய்டில் புற்று நோய் கண்டது. அந்தப் பிரதேசமும் அயோடின் குறைந்த பிரதேசம். பசித்த கழுத்துகள் விஷத்தையும் அதிகமாக விழுங்கின. அளந்து கொடுக்கும் ஒற்றன் வேறு. கட்டுக்கடங்காமல் வரும் படை வேறு.

இந்தப் பரிசோதனை இன்று முன்போல் எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிரேவ்ஸ் நோயைக் காட்டும் எதிர்ப்பொருளை இரத்தத்திலேயே கண்டுகொள்ளும் முறை வந்திருக்கிறது. டெக்னீஷியம் என்ற வேறொரு கதிர்ப்பொருளை ஊசியில் செலுத்தி இருபது நிமிஷத்தில் படமும் எடுக்கிறார்கள். ஆயினும் எவ்வளவு பசி என்பதை எண்ணாகச் சொல்ல வேண்டிய இடத்தில், முக்கியமாகக் கதிர் அயோடினையே மருந்தாகக் கொடுக்கும் முன் அளவைத் தீர்மானிக்க, பழைய தராசுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

தங்கை கதிர் மருந்தையும் அறுவையையும் விட்டு, மாத்திரையைத் தேர்ந்துகொண்டாள். கார்பிமசோல் என்று பெயர். ஒன்று ஒன்றரை வருஷம் சாப்பிட வேண்டும். "ஜுரமோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வந்து இரத்தம் பார்க்க வேண்டும்" என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார். அபூர்வமாக அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடுமாம். அந்தச் சீட்டை என் தாயார் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். கடற்பாசிப் புட்டியை என் மேஜை மீது நானே வைத்திருக்கிறேன், காலியாக. வகுப்பில் அயோடின் பாடம் வரும்போது எடுத்துப் போவதுண்டு.

இது மறு மார்கழி. இன்று காலை வேண்டுமென்றே தங்கை வீட்டு வழியாகப் போனேன். அதே இருபத்தொரு புள்ளி. குனிந்து நின்று வெகு நேரம் பார்த்தேன். ஒரு கோடும் நெளியவில்லை.

"என்ன அண்ணா, அளக்கிறாயா?" என்றாள்.

"இல்லை அம்மா, ஏற்கெனவே அளந்தாயிற்று" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.